செயலாளரின் ஆண்டறிக்கை, 2025: பழைய வோல்வோவும் பின்சீட்டுப் பெல்ட்டும்

மதிப்புக்குரிய தலைவர் அவர்களே, செயற்குழு நண்பர்களே, வண்டி வைத்திருக்கும் உறுப்பினர்களே, வண்டி இல்லாவிட்டாலும் சாப்பாட்டுக்குத் தவறாமல் வரும் உறுப்பினர்களே, அனைவருக்கும் வணக்கம்.

ஸ்வீடனின் கோத்தன்பர்க் நகரில் பழைய வோல்வோ கார் வைத்துக்கொண்டு அல்லாடும் தமிழ்க் குடும்பங்களின் சங்கம் இன்னொரு ஆண்டை ஓட்டிவிட்டது. சென்ற பொதுக்கூட்டத்தில் தேர்வான செயற்குழுவே தொடர்கிறது. துணைச் செயலாளர் மட்டும் வேலை மாறி ஸ்டாக்ஹோம் போய்விட்டார். அவர் பொறுப்பையும் சேர்த்து நானே பார்த்தேன் என்பதைக் கொஞ்சம் அழுத்திப் பதிவு செய்கிறேன். வரவு செலவைப் பொருளாளர் தனியாக வாசிப்பார்.

இந்த ஆண்டு நம்மிடையே உண்மையில் சூடு பறந்தது ஒரே ஒரு விஷயத்தில்தான். பின்சீட்டில் பெல்ட் இல்லாத வண்டிகளில் பிள்ளைகளைச் சங்கப் பயணத்துக்கு ஏற்றிவரலாமா என்பது. கடைசியில் தீர்மானம் போட்டோம். சிலருக்கு இன்னும் மனத்தாங்கல் இருக்கிறது, தெரியும். அதனால்தான் இந்த அறிக்கை வழக்கத்தைவிட நீளம்.

ஏப்ரலில், கம்பெனியின் பிறந்தநாளை ஒட்டி, லிசபெரி பூங்காவுக்குப் பக்கத்தில் இருக்கும் வோல்வோ காட்சியகத்துக்குப் போனோம். 1927 ஏப்ரல் 14 அன்று ஹிசிங்கன் தீவிலிருந்த தொழிற்சாலையிலிருந்து முதல் கார், ஓ.வி.4, வெளியே வந்தது. முதலில் ஓட்டிப் பார்த்தபோது முன் கியர் போட்டால் வண்டி பின்னால் போனதாம். பின் அச்சில், சக்கரங்களுக்குச் சுழற்சியைக் கொடுக்கும் டிஃபரன்ஷியல் பல்சக்கரத்தை மாற்றிப் பொருத்திவிட்டார்கள். இதைக் கேட்டதும் நம் பிள்ளைகள் சிரித்த சிரிப்பில் வழிகாட்டி அம்மா பேச்சையே நிறுத்திவிட்டார். நிலையான மேல்மூடி இல்லாத திறந்த கார் அது. இந்த ஊர்க் குளிரில் அதை யார் வாங்குவார்கள்? விலை 4,800 குரோனர். அந்த முதல் ஆண்டு முழுக்க விற்றது 297 கார்கள்.

நிறுவியவர்கள் இருவர். அசார் கேப்ரியல்சன் எஸ்.கே.எஃப். பேரிங் கம்பெனியில் விற்பனைப் பக்கம் இருந்தவர், கணக்குத் தெரிந்தவர். குஸ்தாவ் லார்சன் எஞ்சினியர். ஸ்வீடனின் கரடுமுரடு ரோட்டுக்கும் குளிருக்கும் வெளிநாட்டுக் கார் தாங்காது, நாமே செய்வோம் என்று ஆரம்பித்தார்கள். 1936-இல் விற்பனையாளர்களுக்காக எழுதிய கையேட்டிலேயே, காரை ஓட்டுவது மனிதர்கள், ஆகவே செய்கிற எல்லாவற்றுக்கும் பாதுகாப்புதான் அடிப்படை என்று இருவரும் எழுதிவைத்தார்கள். அதை வைத்து, 1936-இலேயே எல்லாம் நடந்துவிட்டது என்று நம்மில் சிலர் பேசுகிறார்கள். அப்படி இல்லை. எழுதியதற்கும் செய்ததற்கும் நடுவில் ஒரு உலகப் போரே ஓடியது.

செயலில் தெரிந்தது பி.வி.444 என்ற காரில். 1944-இல் ஸ்டாக்ஹோமில் காட்டினார்கள், 1947-இல்தான் விற்பனைக்கு வந்தது. உடைந்தாலும் முகத்தில் சிதறாத, இரண்டு அடுக்கு ஒட்டிய முன்கண்ணாடி, உள்ளே இருப்பவர்களைச் சுற்றிக் கூண்டு மாதிரியான கட்டமைப்பு, காட்டியபோது சொன்ன விலை அதே பழைய 4,800. 1954-இல் இன்னொரு துணிச்சலும் செய்தார்கள். வண்டி மோதிச் சேதமானால் ஐந்து ஆண்டுகளுக்கு நாங்களே பழுதுபார்த்துத் தருகிறோம் என்றார்கள். இன்சூரன்ஸ் கம்பெனிகள் கொதித்துப்போய், இது காப்பீட்டு வியாபாரம், கார் கம்பெனிக்கு இங்கே என்ன வேலை என்று சண்டைக்கு வந்தன. சரி என்று 1959-இல் வோல்வியா என்று சொந்தமாகவே ஒரு இன்சூரன்ஸ் கம்பெனி வைத்துவிட்டார்கள். உங்களில் பலர் இன்று பிரீமியம் கட்டுவது அங்கேதான்.

ஆகஸ்டில் க்ரிஸ்டியான்ஸ்டாட் போனது இந்த ஆண்டின் பெரிய பயணம். 1959 ஆகஸ்ட் 13 அன்று, மூன்று முனை சீட் பெல்ட் தொழிற்சாலையிலேயே பொருத்தப்பட்டு வந்த உலகின் முதல் கார், ஒரு பி.வி.544, அந்த ஊர் விற்பனையாளரிடம்தான் ஒப்படைக்கப்பட்டது. வரிசையாக வண்டிகளை நிறுத்திவிட்டுப் புளிசாதமும் உருளைக்கிழங்குப் பொரியலும் சாப்பிட்டோம். வேடிக்கை பார்க்க வந்த உள்ளூர்ப் பெரியவர் ஒருவர் வண்டியைவிடப் புளிசாதத்தையே அதிகம் விசாரித்தார்.

அந்த பெல்ட்டை வடிவமைத்த நில்ஸ் போலின் 1958-இல் வோல்வோவுக்கு வந்தவர். அதற்கு முன் சாப் கம்பெனியில், போர் விமானத்திலிருந்து விமானியைத் தூக்கி எறியும் இருக்கைகளில் வேலை பார்த்தவர். விமானி உயிர் பிழைக்க எந்தப் பட்டையையும் கட்டிக்கொள்வான். கார் ஓட்டுகிறவர் ஒரு நிமிடம்கூட அசௌகரியம் பொறுக்கமாட்டார். இந்த வித்தியாசத்தைப் புரிந்துகொண்டதுதான் போலினின் கெட்டிக்காரத்தனம். அதற்கு முன்பு இருந்த குறுக்குப் பட்டையில் கொக்கி விலா எலும்புப் பக்கம் வரும். மோதினால் உள்ளுறுப்பு நசுங்கும். போலின் இடுப்புப் பட்டையையும் மார்புப் பட்டையையும் சேர்த்து, இரண்டும் இடுப்புக்குப் பக்கத்தில், தாழ்வான ஒரு புள்ளியில் முடியும்படி செய்தார். பலத்தை இடுப்பெலும்பும் நெஞ்செலும்பும் தாங்கும். கட்ட ஒரு கை போதும்.

காப்புரிமை எடுத்த பிறகும், யார் வேண்டுமானாலும் செய்துகொள்ளலாம் என்று வோல்வோ அதைத் திறந்துவிட்டது. 1967-இல் ஸ்வீடனில் நடந்த 28,000 விபத்துகளை ஆராய்ந்து வெளியிட்டார்கள். மணிக்கு 60 மைல் வேகத்துக்குக் கீழே நடந்த மோதல்களில் பெல்ட் கட்டிய ஒருவர்கூடச் சாகவில்லை. அப்போதும் ஜனங்கள் எல்லோரும் கட்டிவிடவில்லை. 1975 ஜனவரி 1 முதல் முன்சீட்டுக்குச் சட்டம் வந்த பிறகுதான் நிலைமை மாறியது. பின்சீட்டுக்குச் சட்டம் 1986-இல்தான். கட்டாயம் இல்லையென்றால் கட்டமாட்டோம் என்பது நம்மூர் குணம் மட்டும் இல்லை.

போகிற போக்கில் ஒன்று. 1967 செப்டம்பர் 3 வரை ஸ்வீடனிலும் இடப்பக்கம்தான் ஓட்டினார்கள். ஆனால் கார்களில் ஸ்டியரிங்கும் இடப்பக்கமே! அமேசான் என்ற பழைய வோல்வோ மாடல் வைத்திருக்கும் நம் உறுப்பினர் இதை விளக்க ஆரம்பித்தால் நடுவில் யாரும் நிறுத்த முடியாது. அதனால் இங்கே ஒரு வரியோடு விட்டுவிடுகிறேன்.

நவம்பரில் குழந்தை சீட் பற்றிய கூட்டம். இதற்குத்தான் அரங்கு நிரம்பியது. யாழ்ப்பாணத்திலிருந்து வந்திருந்த ஒரு அம்மம்மா, "பிள்ளையை ஏன் பின்னால பார்க்க வைச்சுக் கொண்டு போறியள்? பேரன்ட முகத்தை நான் எப்படிப் பார்க்கிறது?" என்று கேட்டார். நியாயமான கேள்விதான். சின்னப் பிள்ளைக்கு உடம்போடு ஒப்பிட்டால் தலை பெரிது, கழுத்து மெலிது. முன்னால் பார்த்து உட்கார்ந்திருக்கும்போது மோதினால் உடம்பைப் பட்டை பிடித்துக்கொள்ளும், தலையைப் பிடிக்க ஒன்றும் இல்லை, கழுத்தே முழுப் பாரத்தையும் வாங்கும். பின்னால் பார்த்து உட்கார்ந்தால் முதுகு, கழுத்து, தலை எல்லாவற்றையும் சீட்டே தாங்கிவிடும். இந்த யோசனை இதே ஊர்க்காரருடையது. இங்குள்ள சால்மர்ஸ் தொழில்நுட்பப் பல்கலைக்கழகப் பேராசிரியர் பெர்ட்டில் ஆல்ட்மன், ஜெமினி விண்கலத்தில் விண்வெளி வீரர்கள் மல்லாந்து படுத்துப் போகும்படி அமைத்த இருக்கைகளைப் பார்த்து, 1964-இல் ஒரு மாதிரி சீட் செய்து வோல்வோவில் சோதித்தார். 1972-இல் வோல்வோ விற்பனைக்கே கொண்டுவந்தது. 1978-இல் பெரிய பிள்ளைகளுக்கான உயர மெத்தையும் வந்தது. ஸ்வீடனில் குறைந்தது 4 வயதுவரை பின்பார்த்த சீட்டில்தான் வைக்கச் சொல்கிறார்கள். லின்ஷோபிங்கில் நடத்தும் பிளஸ் சோதனை கழுத்தில் விழும் விசையை அளக்கிறது. கடையில் சீட் வாங்குகிறவர்கள் அந்த முத்திரை இருக்கிறதா என்று பாருங்கள். 135 சென்டிமீட்டர் உயரம் வரும்வரை ஏதோ ஒரு குழந்தை சீட் சட்டப்படி கட்டாயம். அம்மம்மா கடைசியில் பின்சீட்டில் பேரனுக்குப் பக்கத்தில் உட்கார்ந்துகொள்ள ஒப்புக்கொண்டார்.

இந்தக் கூட்டத்தில்தான் ஒரு உறுப்பினர் எழுந்து, "அப்போ நாம் ஆகஸ்டில் பிள்ளைகளை எப்படிக் கூட்டிப்போனோம்?" என்று கேட்டுவிட்டார்.

கொஞ்ச நேரம் யாரும் பேசவில்லை. அப்புறம் எல்லோரும் பேசினோம். 60-களின் தொடக்கத்து அமேசானில் முன்சீட்டுக்குத்தான் பெல்ட். பின்னால் பிள்ளைகள் சும்மா உட்கார்ந்து வந்தார்கள். "வோல்வோதானே, டாங்கி மாதிரி, ஒன்றும் ஆகாது" என்பது ஒரு கட்சி. அந்தக் கட்சியில் என் நெருங்கிய நண்பர்கள் இருக்கிறார்கள், இருந்தாலும் எழுதுகிறேன்: அது தவறு. தகடு கனமாக இருப்பது பாதுகாப்பு இல்லை. பிரிட்டனில் ஒரு தொலைக்காட்சி நிகழ்ச்சியில் பழைய வோல்வோ 940 ஒன்றையும் சின்ன ரெனோ மோடஸ் ஒன்றையும் நேருக்கு நேர் மோதவிட்டார்கள். மோடஸின் ஓட்டுநர் இடம் குலையவில்லை. 940-இன் முன்பக்கம் ஓட்டுநர் மேலேயே மடங்கிவந்தது. நம் சங்கத்தில் பாதிப் பேர் வைத்திருக்கும் 240-க்கும் 740-க்கும் அடுத்த தலைமுறை வண்டி அது.

இன்னொரு உறுப்பினர் பழைய விளம்பரக் கதை ஒன்றையும் எடுத்துப்போட்டார். 1990-இல் அமெரிக்காவில் ராட்சத டிரக் ஒன்று கார்களின் மேல் ஏறிப் போக, வோல்வோ மட்டும் நசுங்காமல் நிற்கும் விளம்பரம் வந்தது. அந்த வோல்வோவுக்குள் தூண் வைத்து பலப்படுத்தியிருந்தார்கள், மற்ற கார்களின் கூரையைத் தாங்கும் தூண்களை அறுத்திருந்தார்கள். விஷயம் வெளியானதும் கம்பெனியும் விளம்பர நிறுவனமும் ஆளுக்கு 1,50,000 டாலர் கட்டினார்கள். பெருமை தலைக்கேறினால் எங்கே போய் நிற்கும் என்பதற்கு அவர் காட்டிய உதாரணம் இது. எனக்கு அது பிடித்திருந்தது.

வோல்வோவின் உண்மையான பலம் தகடு இல்லை. 1970-இலிருந்து அவர்களின் ஒரு குழு, கோத்தன்பர்க் சுற்றுவட்டாரத்தில் விபத்து நடந்தால் இடத்துக்கே போய், எங்கே மடங்கியது, யாருக்கு எங்கே அடி என்று குறித்துவருகிறது. நாற்பதாயிரத்துக்கு மேற்பட்ட கார்கள், எழுபதாயிரத்துக்கு மேற்பட்ட மனிதர்கள் அந்தப் பதிவில் இருக்கிறார்கள். 1991-இல் பக்கவாட்டு மோதலுக்கான கட்டமைப்பு, 1994-இல் பக்கவாட்டு ஏர்பேக், 1998-இல் கழுத்தைக் காக்கும் சீட், 2008-இல் தானே பிரேக் போடும் வசதி, எல்லாம் இப்படிச் சேர்த்த பாடத்தில் வந்தவை. 2019-இல் அந்தப் பாடத்தையும் எல்லோருக்கும் திறந்துவிட்டார்கள். 1999-இல் ஃபோர்டு வாங்கியது, 2010-இல் சீனாவின் ஜீலி வாங்கியது. குழு அப்படியே இருக்கிறது. ஆக, பழைய வண்டியைப் பிடித்துக்கொண்டு வோல்வோ பாதுகாப்பானது என்று சொன்னால், அவர்கள் கற்றுக்கொண்ட பாதியை நாம் வேண்டாம் என்று சொல்கிறோம்.

தீர்மானம் இதுதான். பின்சீட்டில் மூன்று முனை பெல்ட் இல்லாத வண்டியில் பிள்ளைகள் சங்கப் பயணத்துக்கு வரக்கூடாது. பெற்றோரின் புதிய வண்டியில் பின்தொடரலாம். நைந்த பெல்ட்டை மாற்ற விரும்புகிறவர்களுக்குச் சங்கம் மொத்தமாக வாங்கித்தரும். இரண்டு பேர் எதிர்த்து வாக்களித்தார்கள். அவர்களில் ஒருவர் மறு வாரமே பெல்ட்டுக்குப் பெயர் கொடுத்தார் என்பதையும் சொல்லிவிடுகிறேன்.

இனி மற்றவை. வழக்கமான கராஜ் சனிக்கிழமைகள் நன்றாக நடந்தன. 240-இன் ஹீட்டர் மோட்டாரைக் கழற்ற முழு டாஷ்போர்டையும் பிரிக்க வேண்டும் என்பது உலகம் முழுக்க அந்த வண்டிக்காரர்கள் பாடும் பாட்டு. 80-களின் முற்பகுதி வண்டிகளில் எஞ்சின் வயரிங்கின் உறை உதிர்ந்துபோவதும் அப்படியே. இரண்டையும் பற்றி நம் மூத்த உறுப்பினர் பாடம் எடுத்தார். கிலோமீட்டர் மீட்டரின் பல்சக்கரம் உடைந்த வண்டியை வாங்கும்போது காட்டும் எண்ணை நம்பாதீர்கள், கதவின் அடியையும் சக்கர வளைவையும் தட்டிப் பாருங்கள், துருதான் உண்மையைச் சொல்லும் என்றார். எஞ்சின் பற்றிக் கவலை வேண்டாமாம். நியூயார்க் லாங் ஐலண்டில் இருந்த இர்வ் கார்டன் என்ற ஆசிரியர் 1966-இல் வாங்கிய சிவப்பு பி.1800-இல் 2013-க்குள் 30 லட்சம் மைல் ஓட்டினார். நேரத்துக்கு எண்ணெய் மாற்றினேன் என்பதைத் தவிர அவரிடம் பெரிய ரகசியம் எதுவும் இல்லை.

1965 கிழக்கு ஆப்பிரிக்க சஃபாரி ராலியை ஒரு பி.வி.544-இல் வென்ற கென்யாவின் ஜோகிந்தர் சிங், ஜஸ்வந்த் சிங் சகோதரர்கள் பற்றிப் பிள்ளைகளுக்கு ஒரு படக்காட்சி போட்டோம். நம்மைப் போன்ற முகங்கள் அந்த வண்டியில் என்பதில் அவர்களுக்குத் தனி உற்சாகம்.

வருத்தமான செய்தி ஒன்று. உதிரிபாகம் விற்கும் ஒருவரிடம் மொத்தமாக ஆர்டர் செய்த பிரேக் குழாய்கள் வேறு மாடலுக்கானவை. பணத்தைத் திரும்பக் கேட்டு எழுதியிருக்கிறோம், பதில் வந்தபாடில்லை.

30 வயது தாண்டிய வண்டிக்கு வாகன வரி இல்லை, 50 தாண்டினால் கட்டாயப் பரிசோதனையும் இல்லை. அதற்காகப் பரிசோதனைக்கே கொண்டுபோகாமல் இருக்காதீர்கள். சொந்தச் செலவில் ஆண்டுக்கு ஒருமுறை பிரேக்கைக் காட்டுகிறவர்களுக்குச் சங்கம் பாதிக் கட்டணம் தரலாமா என்ற யோசனை இன்றைய கூட்டத்தில் வாக்கெடுப்புக்கு வருகிறது.

கடைசியாக, 2027 ஏப்ரல் 14-இல் முதல் காருக்கு நூறு வயது. ஹிசிங்கனில் ஊர்வலம் போவதா, காட்சியகத்தில் ஒரு நாள் கேட்பதா என்று முடிவுசெய்ய ஐந்து பேர் குழு தேவை. இதுவரை மூன்று பேர் பெயர் கொடுத்திருக்கிறார்கள், மூவருமே 240 வைத்திருப்பவர்கள். அமேசான்காரர்களும் வாருங்கள். இந்த அறிக்கையைச் சபையின் ஒப்புதலுக்கு வைக்கிறேன்.