அடுத்தவங்க எழுதின புரோகிராம் கோடைப் படிக்கவும் சொல்லிக் குடுங்க

ஆசிரியருக்கு வணக்கம்,

பைத்தான்ங்கிற புரோகிராமிங் மொழி படிச்சா வேலைன்னு எல்லாரும் சொல்றாங்க, நல்ல விஷயம்தான், ஆனா வேலைக்குச் சேர்ந்ததும் யாரும் புதுசா புரோகிராம் எழுதச் சொல்றதில்ல, வருஷக்கணக்கா யார் யாரோ எழுதி வச்சுட்டுப் போன கோடைக் காட்டி இதுல ஒரு பக் (தப்பு) இருக்கு பாருன்னுதான் சொல்வாங்க. அங்கதான் பசங்க முழிபிதுங்கி நிக்கிறாங்க.

உதாரணமா ப்ராசஸ்னு ஒரு ஃபங்ஷன் (ஒரு வேலையைச் செய்யுற கோட் துண்டு), உள்ள வர்றது டேட்டா, அவ்வளவுதான் எழுதியிருக்கும். அந்த டேட்டா வரிசையா அடுக்கின லிஸ்ட்டா, பேரும் மதிப்புமா ஜோடி போட்ட டிக்ஷனரியா, சில நேரம் காலியாவும் வருமா? அதைக் கூப்பிடுற இடத்தைத் தேடி, அந்த இடத்தைக் கூப்பிடுற இடத்தைத் தேடி, கடைசில உள்ள வர்றதை ஸ்கிரீன்ல காட்டுற பிரிண்ட் வரியைப் போட்டு ஓட்டிப் பாத்தாதான் தெரியும். இது ஆர்டர்னு பக்கத்துல டைப், அதாவது எந்த வகை டேட்டான்னு, எழுதியிருந்தா, பேருக்கு அப்புறம் புள்ளி வச்சதுமே உள்ள என்னென்ன இருக்குன்னு கோட் எழுதுற எடிட்டர் சாஃப்ட்வேரே காட்டிடும். விஎஸ் கோட்ங்கிற எடிட்டர்ல எஃப்12 தட்டினா அது எழுதின இடத்துக்கே போயிடலாம், ஷிஃப்ட்டோட சேத்துத் தட்டினா எங்கெல்லாம் பயன்படுதுன்னு வரும். ஸ்டேட்டஸ்னு வெறுமனே சர்ச் போட்டா ஆர்டர் ஸ்டேட்டஸ், பேமெண்ட் ஸ்டேட்டஸ், கமெண்ட்ல இருக்குறதுன்னு எல்லாம் வந்து கொட்டும், டைப் இருந்து இப்படி எடிட்டர் வழியா தேடினா பெரும்பாலும் நமக்கு வேண்டியது மட்டும்தான் வரும்.

டைப் எழுதுறது வெட்டி வேலைன்னு சீனியர்ஸே சிலர் சொல்றாங்க, எனக்கு அதுல துளியும் உடன்பாடு இல்ல. பைத்தான்ல இப்படி டைப் எழுதுற வசதி, டைப் ஹிண்ட், 2015லயே 3.5 வெர்ஷனோட வந்தாச்சு. ஃபைல்களை ஆன்லைன்ல சேமிச்சு வைக்கிற டிராப்பாக்ஸ் கம்பெனில கோட் பெருகிப் பெருகி புரிஞ்சுக்கவே கஷ்டமானதாலதான் டைப் போட ஆரம்பிச்சாங்க, பைத்தானை உருவாக்கின கைடோ வான் ரோசமும் அப்ப அங்க இருந்து அந்த வேலையில கைகொடுத்தார், 2019ல 40 லட்சம் வரி கோடை, டைப்பை சரிபாக்குற மைபைங்கிற டூல் செக் பண்ற அளவுக்குக் கொண்டுவந்துட்டாங்க. ஒண்ணு மட்டும் ஞாபகம் வேணும், கோட் ஓடும்போது பைத்தான் இந்த டைப்பை சரிபாக்காது, மைபை மாதிரி ஒண்ணைத் தனியா ஓட்டணும், இல்லன்னா காலப்போக்குல டைப் ஒண்ணு சொல்லும் கோட் வேற ஒண்ணு செய்யும், அது டைப்பே இல்லாததை விட மோசம்.

காலேஜ் லேப்ல ஒரு செமஸ்டராவது யார் வேணா பாக்கக்கூடிய பெரிய ஓப்பன் சோர்ஸ் கோடைக் குடுத்து, ஒரு ஃபங்ஷனை யார் யார் கூப்பிடுறாங்கன்னு எடிட்டர்லயே கண்டுபிடிச்சு அதுக்கு டைப் போட்டுக் காட்டச் சொல்லணும். உங்க கல்விப் பக்கத்துலயும் இதைப் பத்தி விவரமா எழுதுங்க, பாடத்திட்டம் போடுற பேராசிரியர்கள் கண்ணுல படட்டும்.

இப்படிக்கு,
ஒரு சாஃப்ட்வேர் என்ஜினியர், கோவை