சிட்டி பாப் பாடல்களின் சொற்களையும் கேளுங்கள்

அன்புள்ள ஆசிரியருக்கு,

வணக்கம். 'சிட்டி பாப்' என்று இன்று அழைக்கப்படும் எண்பதுகளின் ஜப்பானியப் பாடல்களைப் பற்றிச் சென்ற இதழில் வந்த கட்டுரையை இரண்டு முறை வாசித்தேன். தமிழில் இதை எழுத ஒருவர் முன்வந்ததே எனக்குப் பெரிய சந்தோஷம். ஆனால் ஒரு வரி மட்டும் முள்ளாகத் தைத்துவிட்டது. பணம் கொழித்த பொருளாதாரக் குமிழிக் காலத்தின் கவலையற்ற உல்லாச இசை என்று சொல்லியிருந்தார். பதினோரு வருடமாக டோக்கியோவில் இருக்கிறேன். இந்தப் பாட்டுகளோடு வளர்ந்தவர்களின் பக்கத்தில் நின்றுதான் தினமும் வேலை பார்க்கிறேன். அந்த வரியை அப்படியே விட மனம் வரவில்லை.

முதலில் வருடக் கணக்கு. யென்னின் மதிப்பு ஏறக் காரணமான பிளாசா ஒப்பந்தம் 1985 செப்டம்பரில் கையெழுத்தானது. குமிழி என்று சொல்லும்படி நிலமும் பங்குகளும் தாறுமாறாக விலையேறியது அதற்கப்புறம்தான், 1986 வாக்கில். பாடகி மிக்கி மட்சுபராவின் 'மயோனகா நோ டோவா' (நள்ளிரவுக் கதவு) 1979 நவம்பரில் வந்துவிட்டது. எய்ச்சி ஓட்டாக்கியின் 'எ லாங் வெகேஷன்' ஆல்பம் 1981 மார்ச்சில் வந்தது. மரியா டகேயுச்சியின் 'பிளாஸ்டிக் லவ்' இடம்பெற்ற ஆல்பம் 1984 ஏப்ரலில். கட்டுரையாளர் பெயர் சொல்லிப் பாராட்டிய மூன்றுமே குமிழிக்கு முந்தியவை. இன்னொன்று, அப்போது இவற்றைக் கேட்டு வளர்ந்தவர்களில் பெரும்பாலோர் 'சிட்டி பாப்' என்று சொன்னதில்லை. 'நியூ மியூசிக்' என்பார்கள். இன்றும் என்னோடு வேலை பார்ப்பவர்களின் வாயில் அந்தப் பெயர்தான் வருகிறது.

நான் டோக்கியோவின் எடோகாவா பகுதியில் ஒரு பெந்தோ சமையலறையில் வேலை செய்கிறேன். அலுவலகங்களுக்கு மதியச் சாப்பாட்டுப் பெட்டி கட்டும் இடம். காலை ஐந்து மணிக்கே அடுப்பு பற்றவைத்து ரேடியோவையும் போட்டுவிடுவோம். என் பக்கத்து மேசையில் காய் நறுக்கும் அக்கா 1966இல் வடக்கே ஹொக்கைடோ தீவின் ஹக்கோடாட்டேயில் பிறந்தவர். 'எ லாங் வெகேஷன்' வந்தபோது அவருக்குப் பதினைந்து வயது.

அந்த ஆல்பத்தின் முதல் பாட்டு எடுத்த எடுப்பில் பாட்டாகத் தொடங்காது. வாத்தியங்கள் சுருதி சேர்ப்பது கேட்கும். பியானோவில் ஒரே ஸ்வரம் திரும்பத் திரும்ப வரும். குச்சியைத் தட்டித் தாளம் எண்ணுவார்கள். அப்புறம் மொத்த வாத்தியமும் ஓர் அலையாக வந்து விழும். ரேடியோவில் அந்தச் சுருதிச் சத்தம் வந்தால் போதும், கோபோ என்கிற வேரைச் சீவிக்கொண்டிருக்கும் அக்காவின் கத்தி அப்படியே நின்றுவிடும். 'நட்சுகாஷீ' என்பார், மூச்சு விடுவது போல. போனதை நினைத்து ஏங்குவது மட்டுமல்ல அந்தச் சொல். போய்விட்டது என்று நினைத்த ஒன்று திடீரென்று எதிரே வந்து நிற்கும்போது வருகிற சந்தோஷமும் அதற்குள் இருக்கிறது. அந்தச் சொல்லையும் மெலடியையும் சேர்த்துத்தான் பழைய பாட்டுகளுக்கு 'நட்சுமெரோ' என்று பெயர் வைத்திருக்கிறார்கள்.

ஒருநாள் அந்த முதல் பாட்டின் தலைப்புக்கு அவரிடம் பொருள் கேட்டேன். 'கிமி வா டென்னென்ஷோக்கு' என்றால், நீ டென்னென்ஷோக்கு. கலர் படம் புதிதாக வந்த காலத்தில் அதைக் குறிக்கப் புழங்கிய சொல் அது. நம் ஊர்ச் சுவரொட்டிகளில் 'ஈஸ்ட்மென் கலர்' என்று கொட்டை எழுத்தில் போடுவார்களே, அந்த மாதிரி. அதைச் சொன்ன கையோடு அந்தப் பாட்டு பிறந்த கதையையும் சொன்னார்.

வரிகளை எழுதியவர் தகாஷி மட்சுமோட்டோ. 'ஹாப்பி எண்ட்' இசைக்குழுவில் ஓட்டாக்கியோடு இருந்தவர், அங்கே டிரம்ஸ் வாசித்தவர். இதுவரை 2000க்கும் மேற்பட்ட பாடல்கள் எழுதியிருக்கிறார். ஓட்டாக்கி இந்த ஆல்பத்துக்கு வரிகள் கேட்ட சமயத்தில் மட்சுமோட்டோவின் தங்கை இதய நோயால் விழுந்துவிட்டார். என்னால் எழுத முடியாது, வேறு யாரையாவது வைத்துக்கொள் என்றார் மட்சுமோட்டோ. நீ எழுதும்வரை காத்திருக்கிறேன் என்றார் ஓட்டாக்கி. வெளியீட்டைத் தள்ளியும் வைத்தார். தங்கை பிழைக்கவில்லை. அதற்குப் பிறகு ஷிபுயா தெருவில் நடந்துபோன மட்சுமோட்டோவுக்கு ஊரே நிறமில்லாமல் தெரிந்ததாம். நினைவெல்லாம் கறுப்பு வெள்ளையாகக் கிடக்கிறது, அதற்கு நிறம் கொடு என்று அந்தப் பாட்டு கேட்பது அதைத்தான். ஆல்பத்தின் அட்டையில் நீலநிற நீச்சல் குளமும் பனை மரங்களும் இருக்கின்றன. இசையும் வெயிலடிக்கிற மாதிரி இருக்கும். இதைக் கவலையற்ற இசை என்று எப்படிச் சொல்வது? ஐம்பதைத் தாண்டியவர்கள் இந்தப் பாட்டில் நின்றுவிடுவதற்குக் காரணம் இளமை நினைவு மட்டும் என்று எனக்குத் தோன்றவில்லை. அந்த வயதில் எல்லோருக்கும் யாராவது ஒருவர் போயிருப்பார்கள்.

'மயோனகா நோ டோவா' பாட்டும் அப்படித்தான். என்னோடு இரு என்று ஆங்கிலத்தில் வரும் அந்தக் கெஞ்சலை உலகமே சேர்ந்து பாடுகிறது. ஆனால் யோஷிக்கோ மியூரா எழுதிய வரிகளில் வேறொரு சின்ன விஷயம் இருக்கிறது. விலகிப்போகிறவனின் சாம்பல்நிற ஜாக்கெட்டில் அவளுக்கு ஏற்கெனவே தெரிந்த ஒரு காப்பிக் கறை. அவனை நிறுத்த அவளால் முடியவில்லை, அந்தக் கறையை மட்டும் பார்க்கிறாள். 2020 கடைசியில் இந்தப் பாட்டு உலகம் முழுக்கப் பரவியபோது, வெளிநாட்டில் வளர்ந்த பிள்ளைகள் ஜப்பானியத் தாய்மார்களுக்கு இதைத் திடீரென்று போட்டுக் காட்டி வீடியோ எடுத்தார்கள். சமையலறையில் நிற்கிற அம்மா முதல் சில நொடிகளிலேயே திரும்பிப் பார்ப்பார், பிறகு பிள்ளைக்குத் தெரியாத வரிகளைக் கண்ணை மூடிப் பாடத் தொடங்குவார். அந்த வீடியோக்களை நான் திரும்பத் திரும்பப் பார்த்திருக்கிறேன். மிக்கி மட்சுபரா இதையெல்லாம் பார்க்கவில்லை. 2004இல், 44 வயதில் இறந்துவிட்டார்.

கேசட்டைப் பற்றியும் சொல்ல வேண்டும், கட்டுரையில் அது இல்லை. ஆல்பம் வாங்க எல்லோரிடமும் காசு இருக்கவில்லை. எஃப்எம் ரேடியோவில் எந்தப் பாட்டு எத்தனை மணிக்கு வரும் என்று அச்சிடும் பத்திரிகைகள் இருந்தன. அதைப் பார்த்துப் பதிவு பட்டனில் விரலை வைத்துக் காத்திருப்பார்கள். இதற்கு 'ஏர் செக்' என்று பெயர். 1981இல் தொடங்கிய 'எஃப்எம் ஸ்டேஷன்' பத்திரிகையில் எய்ஜின் சுசுக்கி வரைந்த கேசட் அட்டைகள் வெட்டி எடுத்துக்கொள்ளும்படி வரும். அக்காவிடம் இன்னும் ஒரு கேசட் அப்படி இருக்கிறது. அட்டையில் பாட்டின் பெயர்களைப் பதினைந்து வயதுக் கையெழுத்தில் நெருக்கி எழுதியிருக்கிறார். ஒரு வரியை மட்டும் அடித்து மேலே வேறு எழுதியிருந்தார். அந்தப் பாட்டின் நடுவில் செய்தி வந்துவிட்டதாம். நாமும் கடையில் பட்டியல் எழுதிக் கொடுத்து இளையராஜா பாட்டுகளைப் பதிந்து வாங்கியவர்கள்தானே. அந்த டிடிகே கேசட்டும் இந்த நாட்டிலிருந்து வந்ததுதான்.

அக்கா 1985இல் வேலைக்காக டோக்கியோ வந்தார். ஹக்கோடாட்டேயிலிருந்து அவோமோரிக்குக் கப்பலில் ஏறக்குறைய நான்கு மணி நேரம், அங்கிருந்து டோக்கியோவின் உவேனோ நிலையத்துக்கு இரவு ரயில். 1988 மார்ச் 13இல் கடலுக்கடியில் போகும், மொத்தம் 53.85 கிலோமீட்டர் நீளமுள்ள ரயில் சுரங்கம் திறந்ததும் ரயில்வேயின் அந்தக் கப்பல் நின்றுபோனது. அந்தக் கடலைப் பற்றி சயூரி இஷிகாவா 1977இல் பாடிய பாட்டு ஒன்று உண்டு, யூ அக்கு எழுதியது. உவேனோவில் ரயிலேறி, பனி கொட்டும் அவோமோரியில் இறங்கி, வடக்கே போகும் கப்பலில் தனியாக அழுகிற பெண்ணின் பாட்டு. சின்ன வயதில் அதை அம்மாவின் பாட்டு என்று ஒதுக்கினாராம். இப்போது கரோக்கேவுக்குப் போனால் கடைசியாக அதைத்தான் பாடுகிறார். பாடும்போது அவர் ஊருக்குத் திரும்பிப் போவது தெரியும்.

ஆண்டின் கடைசி இரவில் ஜப்பானின் பொது ஒளிபரப்பு நிறுவனமான என்எச்கே ஒளிபரப்பும் பாட்டுப் போட்டியில் இஷிகாவா 2007 முதல் அந்தப் பாட்டையும் இன்னொன்றையும் வருடம் மாற்றி வருடம் பாடிவந்தார். 2024இல் மட்டும் அந்த முறையை விட்டார். அந்த ஜனவரி முதல் தேதிதான் நோட்டோ தீபகற்பத்தில் நிலநடுக்கம் வந்திருந்தது. நோட்டோவைப் பற்றி 1977இலேயே தான் பாடிய பழைய பாட்டை எடுத்துப் பாடினார். அந்த இரவு நாங்கள் நான்கு பேர் அக்காவின் வீட்டில் சோபா நூடுல்ஸ் சாப்பிட்டபடி பார்த்துக்கொண்டிருந்தோம். பாட்டு முடியும்வரை யாரும் கிண்ணத்தைத் தொடவில்லை.

ஆசிரியர் அவர்களே, இந்தப் பாட்டுகளின் சத்தத்தைப் பற்றி உலகம் நிறைய எழுதிவிட்டது. எழுதியவர்களைப் பற்றித் தமிழில் ஒரு கட்டுரை வர வேண்டும். மட்சுமோட்டோ, மியூரா, அக்கு என்று மூன்று பேரோடு தொடங்கினாலும் போதும். வருடங்களைப் பற்றிய திருத்தத்தையும் அடுத்த இதழில் ஒரு வரியாகவாவது போடுங்கள். வரிகளுக்குப் பொருள் சொல்ல ஆள் வேண்டுமென்றால் நானும் அக்காவும் தயார். திங்கள் தவிர மற்ற நாள்களில் மதியம் இரண்டு மணிக்கு எங்கள் வேலை முடிந்துவிடும்.

இப்படிக்கு,
தங்கள் வாசகி,
எடோகாவா, டோக்கியோ