ஜன்னலைத் தேய்க்க வேண்டாம் என்று சொல்

அன்புள்ள மாலதி,

உன் கடிதம் சனிக்கிழமை வந்தது. நீ பாட்டியாகப் போகிறாய் என்று படித்ததும் கையில் இருந்த வேலையைப் போட்டுவிட்டு உட்கார்ந்துவிட்டேன். பரீட்சைக்கு முதல் நாள் இரவு விளக்கை அணைக்கவிடாமல் என்னைப் படுத்திய மாலதிக்குப் பேரக்குழந்தை! இங்கே எல்லோரும் நலம். என் முழங்கால் மட்டும் மாடிப்படியைப் பார்த்தால் முனகுகிறது. ஓய்வு பெற்று ஒன்றரை வருடம் ஆகிவிட்டது, பொழுது எப்படிப் போகிறதென்று கேட்டிருந்தாய். அதற்குத்தான் வருகிறேன். ஆனால் முதலில் உன் கடிதத்தின் இரண்டாவது பக்கம்.

உன் மகனும் மருமகளும் கிளீவ்லாந்தில் 1924இல் கட்டிய மர வீடு வாங்கியிருக்கிறார்கள், குழந்தை வருவதற்குள் ஜன்னல்களை எல்லாம் சுரண்டித் தேய்த்துப் புது பெயிண்ட் அடிக்கப் போகிறார்கள் என்று சந்தோஷமாக எழுதியிருக்கிறாய். மாலதி, இந்தக் கடிதத்தைப் படித்து முடிக்கும் முன்பே அவனுக்குப் போன் செய்து அந்த வேலையை நிறுத்தச் சொல். மருமகள் அந்த அறைப் பக்கமே போக வேண்டாம்.

அமெரிக்காவில் வீட்டு பெயிண்டில் காரீயம் (லெட்) என்ற நச்சு உலோகத்தைக் கலப்பதை 1978இல்தான் தடை செய்தார்கள். 1940க்கு முன் கட்டிய வீடுகளில் நூற்றுக்கு 87இல் காரீய பெயிண்ட் இருக்க வாய்ப்பு உண்டு என்பது அரசின் சொந்தக் கணக்கு. மேலே பத்து கோட்டிங் புது பெயிண்ட் ஏறியிருந்தாலும் அடியில் அது அப்படியே கிடக்கும். உப்புத்தாளைப் போட்டுத் தேய்த்தால் நூறு வருடமாக அடங்கிக் கிடந்தது ஒரே நாளில் தூசியாக வீடு முழுக்கப் படியும். கர்ப்பிணியின் உடம்பில் சேர்ந்தால் குழந்தைக்கும் போகும்.

உனக்கு இதுவரை முழுசாகச் சொல்லாத ஒன்றை இப்போது சொல்கிறேன். 1998இல், என் பையனுக்கு இரண்டு வயது. நாங்கள் ஒரு பழைய வீட்டின் மாடியில் வாடகைக்கு இருந்தோம். அவனுக்கு ஜன்னல் என்றால் உயிர். ஜன்னல் கட்டையைப் பிடித்துக்கொண்டு நின்று தெருவில் போகிற வண்டிகளை எண்ணுவான், நடுநடுவே அந்த மரத்திலேயே வாயை வைப்பான். பல் முளைக்கிற வயது, விட்டுவிட்டேன். வழக்கமான ரத்தப் பரிசோதனையில் டெசிலிட்டருக்கு 14 மைக்ரோகிராம் காரீயம் என்று வந்தது. அன்றைக்குக் கவலைப்பட வேண்டிய எல்லை 10. டாக்டரிடம் என்ன மருந்து என்று கேட்டேன். மருந்து இல்லை, வீட்டை மாற்றுங்கள் என்றார். வீட்டுக்காரர் வந்து பார்த்துவிட்டு, ஜன்னலுக்கு மேலே வெள்ளை பெயிண்ட் ஒரு கை அடித்துக் கொடுத்தார், அவ்வளவுதான். எங்களால் முடிந்தது, வேறு வீட்டுக்குப் போனோம். பையன் நன்றாகத்தான் இருக்கிறான், உனக்கே தெரியும். ஆனால் பள்ளிக்கூடத்தில் அவன் கவனம் சிதறிய ஒவ்வொரு முறையும் அந்த ஜன்னல் எனக்கு ஞாபகம் வந்தது. அதுதான் காரணமா என்று யாராலும் சொல்ல முடியாது, அந்தக் கேள்வி போகவும் போகாது.

இதைவிட என்னை அரித்தது வேறு. நாங்கள் காலி செய்த அடுத்த மாதமே அந்த மாடிக்கு இன்னொரு குடும்பம் வந்தது. சாமான் ஏதோ விட்டுப்போனதை எடுக்கப் போனேன். அதே ஜன்னலில் ஒரு பெண் குழந்தை நின்றுகொண்டிருந்தது. நான் அந்த அம்மாவிடம் சொன்னேன். அவள் கேட்டுக்கொண்டாள். ஆனால் எங்கே போவாள்? முன்பணத்தையும் முதல் மாத வாடகையையும் கொடுத்துவிட்டு வந்திருக்கிறாள்.

ஓய்வு பெற்றதும் இந்த வேலைக்குப் போனதற்கு அந்தக் குழந்தைதான் காரணம். வியாழக்கிழமைகளில் ஒரு சமூகக் கூடத்தில் உட்கார்ந்து, பழைய வீடுகளில் காரீயத்தை அகற்ற அரசு தரும் மானியத்துக்கு விண்ணப்பம் எழுதிக் கொடுக்கிறேன். வாஷிங்டனில் இருக்கும் வீட்டுவசதித் துறை 1990களில் இருந்து நகரங்களுக்கும் மாநிலங்களுக்கும் இதற்குப் பணம் தருகிறது. 1978க்கு முந்தைய வீடு, குறைந்த வருமானம், ஆறு வயதுக்குள் ஒரு குழந்தை, இவை இருந்தால் கேட்கலாம். சொல்லும்போது எளிது. சம்பளச் சீட்டு, வரிக் கணக்கு, பிறப்புச் சான்றிதழ், வீட்டுக்காரரின் கையெழுத்து எல்லாம் சேர்வதற்குள் தவழ்கிற குழந்தை ஓட ஆரம்பித்துவிடும். வீட்டுக்காரர் கையெழுத்துப் போட மறுத்தால் அதோடு சரி. கூரை ஒழுகினால் அந்த வீட்டை ஒதுக்கிவிடுவதும் உண்டு, ஈரம் பட்டால் புது வேலை உரிந்துவிடும் என்பதால். நியாயம்தான், ஆனால் கூரை ஒழுகுகிற வீட்டில்தான் பெயிண்டும் உரிகிறது. அப்புறம், இந்த வேலைக்குச் சான்றிதழ் பெற்ற காண்ட்ராக்டர்கள் குறைவு. பணம் ஒதுக்கியாகிவிட்டது, செய்ய ஆள் இல்லை என்று மாதக்கணக்கில் நிற்பதைப் பார்த்திருக்கிறேன்.

எல்லாவற்றையும்விட எனக்குத் தாங்க முடியாதது வரிசை. ரத்தத்தில் காரீயம் ஏறிய குழந்தையின் வீட்டுக்கு முதலிடம். மனிதாபிமானம்தான், நானும் அப்படித்தான் கேட்பேன். ஆனால் இதற்கு என்ன அர்த்தம் என்று யோசித்துப் பார். ஒரு வீடு கெட்டதா நல்லதா என்று கண்டுபிடிக்க அதற்குள் ஒரு குழந்தையை விட்டுப் பார்க்கிறோம். குழந்தை கெட்ட பிறகு வீட்டைச் சரிசெய்கிறோம்.

கெட்டதை மருந்தால் மீட்கவும் முடியாது. 2001இல் ஒரு பெரிய ஆய்வின் முடிவு வந்தது. ரத்தத்தில் டெசிலிட்டருக்கு 20 முதல் 44 மைக்ரோகிராம் வரை காரீயம் இருந்த 780 குழந்தைகளில் பாதிப் பேருக்கு அதை வெளியேற்றும் மருந்தைக் கொடுத்துப் பார்த்தார்கள். ரத்தத்தில் அளவு இறங்கியது. அறிவுத்திறன், நடத்தை எதிலும் முன்னேற்றம் இல்லை. காரீயம் உடம்பை ஏமாற்றுகிற வஸ்து, சுண்ணாம்புச் சத்து மாதிரி நடித்து எலும்புக்குள்ளும் மூளைக்குள்ளும் போய்விடும். சின்னக் குழந்தைகள் பெரியவர்களைவிட நான்கைந்து மடங்கு அதிகமாக உறிஞ்சிக்கொள்வார்கள்.

எல்லை என்று சொன்னேனே, அது இறங்கிய கதையே தனி. 1960களில் 60 மைக்ரோகிராம் வரை கவலை இல்லை என்றார்கள். பிறகு 40, 30, 25, 1991இல் 10, 2012இல் 5, 2021இல் 3.5. ஆராயத் தெரிந்த அளவுக்குத் தீங்கும் தெரிந்தது. 1979இல் ஹெர்பர்ட் நீடில்மேன் என்ற மருத்துவர், மாசசூசெட்ஸில் குழந்தைகளின் விழுந்த பால்பற்களைச் சேகரித்து அளந்தார். நோயாளி என்று யாரும் சொல்லாத குழந்தைகள்தான் எல்லோரும். பல்லில் காரீயம் அதிகமாக இருந்தவர்களின் அறிவுத்திறன் குறைந்திருந்தது, வகுப்பில் அவர்களால் கவனம் வைக்க முடியவில்லை. பாதுகாப்பான அளவு என்று ஒன்று கிடையாது என்பதில் இன்று யாருக்கும் சந்தேகம் இல்லை.

ஜன்னல், ஜன்னல் என்று நான் சொல்வதற்குக் காரணம் இருக்கிறது. பழைய அமெரிக்க வீடுகளில் ஜன்னல் மேலும் கீழும் நகரும். ஒவ்வொரு முறை தூக்கி இறக்கும்போதும் பெயிண்ட் அரைபட்டுக் கீழே பள்ளத்தில் தூசி சேரும். குழந்தை அதில் கையை வைக்கும், கையை வாயில் வைக்கும். தரைத் தூசியில் ஒரு சதுர அடிக்கு 10 மைக்ரோகிராம் காரீயம் இருந்தாலே ஆபத்து என்று 2019இல் விதி வந்தது. ஒரு கிராமைப் பத்து லட்சமாகப் பிரித்து, அதில் பத்து பங்கு. கண்ணுக்குத் தெரியாது. என் பையன் வாய் வைத்த ஜன்னல் பார்க்கச் சுத்தமாகத்தான் இருந்தது.

சரி, இதற்கெல்லாம் எவ்வளவு செலவு? ஒரு வீட்டுக்குப் பத்தாயிரம் டாலரைச் சாதாரணமாகத் தாண்டும். காரீய பெயிண்ட் உள்ள வீடுகள் நாடு முழுக்க சுமார் மூன்றரைக் கோடி. அவ்வளவையும் யார் சரிசெய்வது என்று கூட்டங்களில் கேட்பார்கள். எல்லா வீட்டையும் ஒரே நாளில் என்று யாரும் கேட்கவில்லை. 2021இல் காரீயத் தண்ணீர்க் குழாய்களை மாற்ற 1,500 கோடி டாலர் ஒதுக்கினார்கள். ஃபிளின்ட் நகரத்தில் குடிநீரில் காரீயம் கலந்ததைப் பார்த்த பிறகு அது வேண்டியதுதான், நான் குறை சொல்லவில்லை. ஆனால் குழந்தைகளுக்கு அதிகமாகக் காரீயம் சேர்வது பழைய பெயிண்டிலும் அதன் தூசியிலும் இருந்துதான். அதற்கு வீட்டுவசதித் துறை மூலம் வருவது ஆண்டுக்கு முப்பது, நாற்பது கோடி டாலர் அளவில்தான்.

போட்ட பணம் திரும்ப வருமா என்றும் கேட்பார்கள். 2009இல் வந்த ஒரு கணக்கு, ஒரு டாலருக்கு 17 முதல் 221 டாலர் வரை சமூகத்துக்கு மிச்சம் என்றது. எங்கள் கூட்டங்களில் அந்த 221ஐத்தான் எல்லோரும் பலகையில் எழுதுவார்கள். எனக்கு அது பிடிப்பதில்லை. இவ்வளவு அகலமான கணக்கை நீட்டினால் எதிரே இருப்பவர் எதையும் நம்ப மாட்டார். 2017இல் பியூ அறக்கட்டளை இன்னும் கறாராகப் போட்ட கணக்கில், ஏழைக் குழந்தைகள் இருக்கும் பழைய வீடுகளைச் சரிசெய்தால் ஒரு டாலருக்கு 1.39 டாலர் திரும்பும் என்று வந்தது. நான் அதைத்தான் சொல்கிறேன். குழந்தையும் பிழைத்து முதலும் வட்டியும் வருகிறதென்றால் இன்னும் என்ன வேண்டும்?

பொதுப்பணம் எதற்கு, பெயிண்ட் விற்றவர்கள் கொடுக்கட்டும் என்பார்கள் சிலர். அதில் நியாயம் இருக்கிறது. ஆஸ்திரேலியாவில் குவீன்ஸ்லாந்து மருத்துவர் லாக்ஹார்ட் கிப்சன் 1904லேயே வராந்தாக் கம்பி பெயிண்ட்தான் குழந்தைகளைக் கெடுக்கிறது என்று எழுதிவிட்டார். அமெரிக்கத் தடை வந்தது 74 வருடம் கழித்து. கலிபோர்னியாவில் பத்து நகர, மாவட்ட அரசுகள் சேர்ந்து நிறுவனங்கள் மேல் வழக்குப் போட்டன. 2000இல் தொடங்கியது, 2019இல் 30.5 கோடி டாலருக்குச் சமரசமாக முடிந்தது. ரோட் ஐலண்டில் நிறுவனங்களுக்கு எதிராக ஜூரி கொடுத்த தீர்ப்பை 2008இல் மாநில உச்ச நீதிமன்றமே தள்ளிவிட்டது. வழக்கு நடக்கட்டும். ஆனால் 2000இல் பிறந்த குழந்தைக்கு 2019இல் பத்தொன்பது வயது.

நம்பிக்கை தருவது நியூயார்க் மாநிலத்தின் ராசெஸ்டர் நகரம். அங்கே 2005இல் ஒரு சட்டம் போட்டார்கள். வாடகை வீடுகளுக்கு அனுமதியைப் புதுப்பிக்கும்போதே காரீய ஆபத்து இருக்கிறதா என்று பார்த்துவிடுவார்கள். ஆபத்து அதிகமான பகுதிகளில் தூசியையும் துடைத்துச் சோதிப்பார்கள். குழந்தைக்கு ஏறும்வரை காத்திருப்பது இல்லை. அதன் பிறகு அங்கே பாதிக்கப்பட்ட குழந்தைகளின் எண்ணிக்கை வெகுவாக இறங்கியது. கிளீவ்லாந்திலும் 2019இல் வாடகை வீடுகளுக்கு இப்படி ஒரு சான்றிதழ் முறை கொண்டுவந்தார்கள். என்னைக் கேட்டால், சட்டமும் மானியமும் சேர்ந்தே வர வேண்டும். சட்டம் மட்டும் வந்தால் இரண்டே வீடு வைத்திருக்கும் வயதான வீட்டுக்காரர் வாடகையை ஏற்றுவார், அல்லது குழந்தை இருக்கும் குடும்பமே வேண்டாம் என்பார். மானியம் மட்டும் வந்தால் கேட்கத் தெரிந்தவர்களுக்கே கிடைக்கும்.

போன வருடம் நான் மிகவும் சோர்ந்துபோனதும் உண்டு. 2025 ஏப்ரலில் நாட்டின் நோய்க் கட்டுப்பாட்டு மையத்தில் இந்த விஷயத்தைக் கவனித்த குழுவையே வேலையைவிட்டு அனுப்பினார்கள். மில்வாக்கியில் பழைய பள்ளிக் கட்டடங்களில் காரீயம் என்று நகரம் உதவி கேட்டபோது, அனுப்ப ஆள் இல்லை என்று பதில் வந்தது. அந்த வாரம் வியாழக்கிழமை கூடத்துக்குப் போகவே மனம் இல்லை. போனேன். ஏழு பேர் காத்திருந்தார்கள்.

இப்போது உன் மகனுக்கு. முதலில் சான்றிதழ் பெற்ற ஆளை வைத்து வீட்டைச் சோதிக்கச் சொல். கையில் பிடிக்கும் ஒரு கருவியை வைத்துப் பார்த்தே எந்தச் சுவரில் இருக்கிறது என்று சொல்லிவிடுவார்கள். காண்ட்ராக்டர் செய்தால் பாதுகாப்பு விதிகள் உண்டு, சொந்த வீட்டில் தானே செய்பவரை அந்த விதிகள் கட்டுப்படுத்தாது. அதனால்தான் பயப்படுகிறேன். அதுவரை ஜன்னல் கட்டைகளை ஈரத்துணியால் துடைக்கட்டும், உலர்ந்த துடைப்பத்தால் பெருக்க வேண்டாம். அந்த வேலையும் உன் மருமகள் செய்யக் கூடாது. மருமகளின் டாக்டரிடம் வீட்டின் வயதைச் சொல்லட்டும். வருமான வரம்புக்குள் வந்தால் மானியத்துக்கு எழுதலாம், விண்ணப்பத்தை நானே நிரப்பித் தருகிறேன்.

தேய்க்கும் இயந்திரம் வாடகைக்கு எடுத்தாகிவிட்டது என்று எழுதியிருந்தாயே, அதை முதலில் திருப்பிக் கொடுக்கச் சொல். ஞாயிறு சாயங்காலம் நான் வீட்டில்தான் இருப்பேன். அவனையே எனக்குப் போன் செய்யச் சொல்.

என்றும் உன்,
கமலா