போட்டோஸ்டேட் ஆண்ட்டிக்கும் மற்ற அனைவருக்கும் ஒரு நன்றி மடல்

பினாங்கு ஜெலுத்தோங் வட்டாரத்து உறவுகளுக்கும், உடன் படித்தவர்களுக்கும், ஆலைத் தோழியருக்கும் வணக்கம்.

பட்டமளிப்பு அங்கியை நான் இன்னும் திருப்பிக் கொடுக்கவில்லை. கதவுக்குப் பின்னால் ஆணியில் தொங்கிக்கொண்டிருக்கிறது. அதைக் கொடுத்துவிட்டால் இந்த மடலை எழுதும் வேகமும் போய்விடும் என்று தோன்றுவதால் இன்றிரவே எழுத உட்கார்ந்தேன். வெள்ளத் தண்ணீர் ஏறிய அந்த இரவைப் பற்றியோ, அதற்கடுத்து வந்த நாள்களைப் பற்றியோ இங்கே விவரிக்கப் போவதில்லை. இதைப் படிக்கும் உங்களில் பாதிப் பேர் அன்று என் வீட்டுச் சேற்றை வாரி வெளியே கொட்டியவர்கள். மீதிப் பேர் அதே வேலையை உங்கள் வீடுகளில் செய்துகொண்டிருந்தவர்கள்.

நம் அடுக்குமாடியின் மின்தூக்கிக்கு அருகில் என் படத்தைப் போட்டு ஒரு பதாகை கட்டியிருக்கிறீர்கள். ‘விடாமுயற்சியால் உயர்ந்த சாதனைப் பெண்மணி’ என்று எழுதியிருக்கிறது. அன்புக்கு நன்றி. ஆனால் அதைக் கடந்து போகும்போதெல்லாம் எனக்கு உறுத்துகிறது. விட்டுவிடலாம் என்று நான் முடிவெடுத்த நாள் ஒன்று உண்டு என்பதும், அன்று முயற்சியைக் கைவிடாதவர் வேறொருவர் என்பதும் அந்தப் பதாகையில் இல்லை. அதைச் சொல்லத்தான் இந்த மடல்.

எஸ்.பி.எம். என்னும் பள்ளியிறுதித் தேர்வை முடித்த கையோடு 18 வயதில் பாயான் லெப்பாஸில் ஆலை வேலைக்குப் போனவள் நான். 37 வயதில், 1971ஆம் ஆண்டிலேயே வெளிவளாகக் கல்வியைத் தொடங்கிவிட்ட நம் மிண்டன் வளாகத்து அறிவியல் பல்கலைக்கழகத்தில், தொலைக்கல்வி மாணவியாக வரலாற்றுப் பாடத்துக்குப் பெயர் பதிந்தேன். ஆறு ஆண்டுகள் ஓடின. கடைசி ஆண்டில் எடுத்துக்கொண்ட ஆய்வு, மலாயாவில் பெண் ஆசிரியர்கள் சம ஊதியம் கேட்டுப் போராடிய கதை. 1943இல் 16 வயதில் நேதாஜியின் ஜான்சி ராணிப் படையில் சேர்ந்து பர்மா வரை போய்வந்து, பிறகு ஆசிரியையாகி, 1960இல் பெண் ஆசிரியர்களுக்கெனத் தனிச் சங்கம் அமைத்து, ஒரே வேலைக்கு ஆணுக்கொரு சம்பளம் பெண்ணுக்கொரு சம்பளமா என்று கேட்ட ராசம்மா பூபாலன் அவர்களைப் பற்றிய குறிப்புகளே அதில் பெரும்பகுதி. பழைய நாளிதழ்களிலிருந்து கையால் எழுதியெடுத்தவையும், ஓய்வுபெற்ற ஆசிரியைகள் சிலர் சொல்லச்சொல்ல எழுதியவையுமாக 412 தாள்கள் சேர்ந்திருந்தன. மடிக்கணினியில் ஏற்றியது கொஞ்சம். ஏற்றியதை வேறெங்கும் சேமித்து வைக்காதது என் தவறு. இரண்டும் ஒரே அலமாரியின் கீழ்த்தட்டில் இருந்தன என்று சொன்னால் போதும்.

தண்ணீர் வடிந்த மூன்றாம் நாள், அந்தத் தாள்களை ஒரு வாளியில் போட்டுக் குப்பைக் குவியலுக்கு எடுத்துக்கொண்டு போனேன். நிவாரண விண்ணப்பத்துக்கு அடையாள அட்டையின் நகல் தேவைப்பட்டதால், போகிற வழியில் இரண்டு தெரு தள்ளி மேட்டில் இருக்கும் போட்டோஸ்டேட் கடையில் நின்றேன். அந்த ஆண்ட்டியை உங்களுக்குத் தெரியும். பாதிச் சிரிப்புக்கூடச் சிரிக்காமல் காசை வாங்கி டப்பாவில் போடுபவர். பத்து ஆண்டுகளாக அவரிடம் நகல் எடுத்திருக்கிறேன்; பத்து வாக்கியம் பேசியிருப்போமா என்பது சந்தேகம்.

“வாளியில என்ன?” என்று கேட்டார்.

“குப்பை ஆண்ட்டி.”

மேலே கிடந்த தாளை இரண்டு விரலால் தூக்கி வெளிச்சத்தில் பிடித்தார். “கையால எழுதுனது எப்படிம்மா குப்பையாகும்?” என்றவர், என் பதிலுக்குக் காத்திராமல் வாளியை உள்ளே இழுத்து வைத்துவிட்டார்.

அதற்குப் பிறகு நான்கு இரவுகள் அந்தக் கடையில் நடந்ததைப் போன்ற ஒரு வேலையை எந்த வகுப்பிலும் நான் கற்றதில்லை. ஈரத்தில் ஒட்டிக்கிடந்த தாள்களை நான் அவசரமாகப் பிரிக்கப் போனபோது என் கையைத் தட்டிவிட்டார். நான்கைந்து தாள்களாகச் சேர்த்தே எடுத்து, இடையிடையே வெள்ளைத்தாளைச் செருகி, மேலே தொலைபேசிப் புத்தகத்தை வைத்து அழுத்தி, வெள்ளைத்தாள் நனைய நனைய மாற்றிக்கொண்டே இருந்தார். தானாகப் பிரிந்துவரும் பதத்துக்கு வந்ததும் ஒவ்வொன்றாக நைலான் கயிற்றில் துணிக்கவ்வி போட்டுத் தொங்கவிட்டு, விசிறியைக் குறைந்த வேகத்தில் சுவரைப் பார்த்துத் திருப்பி வைத்தார். நேரடிக் காற்று பட்டால் தாள் நெளிந்துவிடுமாம். பால்பாயிண்ட் பேனாவில் எழுதியவை தப்பித்திருந்தன. அழகாக இருக்கிறதே என்று ஜெல் பேனாவில் எழுதியவை நீலப்புகையாகக் கரைந்திருந்தன. அழகுக்கு ஆசைப்பட்ட அந்தப் பக்கங்களையும் அவர் மீட்டார் என்பதே எனக்கு இன்னும் வியப்பு. பின்புறம் அச்சுள்ள மெல்லிய தாளுக்குப் பின்னால் கறுப்புத்தாள் ஒன்றை வைத்து நகலெடுத்தால், மறுபக்கத்து எழுத்து ஊடுருவித் தெரியாமல் முன்பக்கம் மட்டும் துலங்கிவரும் என்பதை அன்றுதான் பார்த்தேன்.

பக்க எண் போடும் பழக்கம் எனக்கு அப்போது இல்லை. மலாயிலும் ஆங்கிலத்திலும் இருந்த குறிப்புகளை அவரால் படிக்க முடியாது. தோட்டத்துப் பள்ளியில் ஆறாம் வகுப்போடு அவர் படிப்பு நின்றுவிட்டது. ஆனாலும் தாள்களை வரிசைப்படுத்தியதில் பெரும்பாலான வேலை அவருடையதுதான். அடுத்தடுத்துக் கிடந்த தாள்களில் தண்ணீர்க் கறையின் விளிம்பு ஒன்றுபோலவே இருக்கும் என்பதைக் கண்டுபிடித்தவர், மேசை இழுப்பறையிலிருந்து சிறிய பூதக்கண்ணாடி ஒன்றை எடுத்து, நிலவரைபடத்தில் கடற்கரைகளைப் பொருத்துவதுபோல் கறையோடு கறையைப் பொருத்திக்கொண்டே போனார். நான் பொருளைப் படித்துச் சரிபார்த்தேன். 412இல் பதினொன்று மட்டுமே மாறியிருந்தன.

அந்தப் பூதக்கண்ணாடியின் கதையை மூன்றாம் இரவுதான் சொன்னார். பாயான் லெப்பாஸ் தடையற்ற வாணிப வட்டாரம் தொடங்கியது 1972இல். அவர் 1974இல், 17 வயதில், அங்கே மின்னணு ஆலை ஒன்றில் சேர்ந்திருக்கிறார். நாள் முழுக்க உருப்பெருக்கியில் கண்ணை வைத்துச் சில்லில் (சிப்) தங்கக் கம்பியை ஒட்டும் வேலை. ஆலைப் பேருந்திலிருந்து இறங்கி நடக்கும் பெண்களை ‘மினா காரான்’ (மின்சார மினா) என்று ஊர் கேலி பேசிய காலம் அது. 1985-86 பொருளாதார மந்தத்தில் ஆள்குறைப்பு வந்தபோது, கைக்குக் கிடைத்த இழப்பீட்டில் பழைய நகலெடுப்புப் பொறி ஒன்றை வாங்கியிருக்கிறார். “தலைமயிரைவிட மெல்லிசான கம்பியை ஒட்டிக்கிட்டிருந்தவளுக்கு இந்தக் காகிதம் என்னாம்மா பெரிசு?” என்று கேட்டுவிட்டு மீண்டும் குனிந்துகொண்டார்.

சம ஊதியத்தைப் பற்றிய குறிப்புகள் இவை என்று நான் சொன்னபோது, யார் கேட்டது, எப்போது கேட்டார்கள், கிடைத்ததா என்று மூன்றே கேள்விகள் கேட்டார். ஆசிரியைகளுக்குக் கிடைத்தது என்றேன். “எங்களுக்காக யாரும் கேட்கலியே” என்றார். குறையாகச் சொல்லவில்லை, கணக்குப் பார்க்கும்போது ஒரு எண் விடுபட்டிருந்தால் சுட்டிக்காட்டுவோமே, அப்படிச் சொன்னார். என் ஆய்வேட்டின் முடிவுரையில் ஆலைப் பெண்களைப் பற்றி ஒன்றரைப் பக்கம் சேர்ந்தது அந்த ஒரு வாக்கியத்தால்தான். வாய்மொழித் தேர்வில் பேராசிரியர்கள் அதிக நேரம் கேள்வி கேட்டதும் அந்த ஒன்றரைப் பக்கத்தைப் பற்றித்தான்.

நான்காம் இரவு எல்லாவற்றையும் அடுக்கி நூல்கயிற்றால் கட்டிக் கொடுத்தார். கண்ணில் நீர் நிற்க, எவ்வளவு என்று கேட்டேன். வேண்டாம் என்பார் என்று எதிர்பார்த்ததை ஒத்துக்கொள்ள வேண்டும். 412 பக்கம், பத்து காசு வீதம், 41 வெள்ளி (ரிங்கிட்) 20 காசு என்றார். என்னிடம் சில்லறை இல்லாததால் 41 வெள்ளியை மட்டும் வாங்கிக்கொண்டார். அவர் வாழ்நாளில் கொடுத்த ஒரே தள்ளுபடி எனக்குத்தான் என்று அன்றிலிருந்து எல்லாரிடமும் சொல்லிக்கொண்டிருக்கிறேன். உண்மையில் அந்தக் கணக்குதான் என்னை நிமிர்த்தியது. வீட்டில் அரிசி முதல் பாய் வரை அனைத்தும் நிவாரணமாக வந்துகொண்டிருந்த வாரத்தில், காசு கொடுத்து வேலை வாங்கியவளாக ஓரிடத்திலாவது நான் நிற்க முடிந்தது.

மற்றவர்களுக்கும் நன்றி சொல்ல வேண்டும். ஒரே மூச்சில் சொல்வதற்காக மன்னியுங்கள். என் இரவு வேலையைத் தாங்கள் எடுத்துக்கொண்டு என்னைத் தேர்வுக்கு அனுப்பிய நான்காம் வரிசைத் தோழியர், பிள்ளைகளைத் தம் வீட்டில் படுக்கவைத்துக்கொண்ட மேல்மாடி மக்சிக் (மலாய் அத்தை), மடிக்கணினியை இரவல் தந்த எதிர்வீட்டுச் சீனத் தம்பதியர், நள்ளிரவில் அனுப்பிய அத்தியாயத்துக்கு விடியுமுன் திருத்தம் அனுப்பிய மேற்பார்வையாளர், ரசத்தில் தொடங்கி மீன்குழம்பு வரை சமையல் கற்றுக்கொண்ட என் கணவர், நகல்களைப் பார்த்துத் தட்டச்சு செய்து தந்த மகள், தைப்பூசத்துக்குத் தண்ணீர்மலை முருகன் கோயிலுக்குப் பால்குடம் எடுப்பதாக என்னைக் கேட்காமலேயே வேண்டிக்கொண்ட அம்மா ஆகிய எல்லாருக்கும் என் நன்றி. கால நீட்டிப்புக் கேட்டுப் போன ஓர் அலுவலகத்தில், “இந்த வயசுல இது எதுக்கு?” என்று கேட்டவருக்கும் ஒரு வரி உண்டு: நீட்டிப்பு இல்லாமலேயே முடிந்துவிட்டது ஐயா.

அம்மாவைப் பற்றி இன்னும் கொஞ்சம் சொல்ல வேண்டும். பட்டமளிப்பு மண்டபத்தில் என் பெயர் வாசிக்கப்பட்டபோது அம்மா கைதட்டவில்லை. பையை மடியில் இறுக்கிப் பிடித்துக்கொண்டிருந்தார் என்று மகள் சொன்னாள். கடலுக்கு அக்கரையில், செபராங் பிறை ரப்பர்த் தோட்டத்தில் பால்மரம் சீவியவர் அவர். ஆண்ட்டியைப் போலவே ஆறாம் வகுப்போடு நின்றவர். தோட்டத்துப் பள்ளி அதோடு முடிந்துவிடும்; மேலே படிக்கப் பட்டணத்துக்குப் பேருந்தேற வேண்டும்; அங்கே புகுமுக வகுப்பில் ஓராண்டு கூடுதலாக உட்கார வேண்டும். பெண்பிள்ளைக்கு அந்த ஓராண்டைக் கொடுக்க லயத்தில் எந்த வீட்டாலும் முடிந்ததில்லை. இந்த நாட்டில் முதல் தமிழ் வகுப்பு தொடங்கியது இதே பினாங்கில், ஃபிரீ ஸ்கூலில், 1816 அக்டோபர் 21ஆம் நாள் என்று பெருமையோடு பேசுகிறோம், நானும் பேசுவேன். அதற்கு ஒன்றரை நூற்றாண்டு கழித்தும் கடலுக்கு அக்கரையில் இருந்த என் அம்மாவுக்கு ஏழாம் ஆண்டு வகுப்பு எட்டாத தூரத்தில் இருந்தது என்பதையும் அந்தப் பெருமையோடு சேர்த்தே பேச வேண்டும் என்று இப்போது நினைக்கிறேன். அம்மாவும் ஆண்ட்டியும் முயற்சியில் எனக்குக் குறைந்தவர்கள் அல்லர். எனக்கு வாய்த்தது வாளியை உள்ளே இழுத்து வைக்க ஓர் ஆள்.

ஆகவே ஒரு வாக்குக் கொடுக்கிறேன்; பொதுவில் எழுதிவிட்டால் தட்டிக்கழிக்க முடியாது. நம் அடுக்குமாடியில் மூன்றாம் படிவத்தோடு நின்ற இரண்டு பேர் எஸ்.பி.எம். தேர்வைத் தனித்தேர்வராக எழுத விரும்புவதாகச் சொன்னார்கள். மலாய்மொழியோடு வரலாறும் கட்டாயம் தேறவேண்டிய பாடமாகி 2013 முதல் நடைமுறையில் இருக்கிறது. பலரை மிரட்டுவதும் அந்த வரலாறுதான். இனி ஒவ்வொரு சனிக்கிழமை மாலையும் நான் அவர்களோடு உட்காருவேன். வேறு யார் வந்தாலும் நாற்காலி உண்டு. 21 வயது தாண்டி வேலை அனுபவம் உள்ளவர்கள், அந்த அனுபவத்தை மதிப்பிடச் செய்து ஏபெல் என்னும் திட்டத்தின் வழியாக இளங்கலைக்கு விண்ணப்பிக்க முடியும் என்பது பலருக்குத் தெரியவில்லை. அந்தப் படிவங்களை நிரப்பவும் உதவுவேன். ஆண்ட்டியையும் அழைத்தேன். கடையை யார் பார்ப்பது என்று கேட்டுவிட்டார்.

நேற்று மாலை மண்டபத்திலிருந்து நேராக அவர் கடைக்குத்தான் போனேன். விருந்தினர் அழைப்பு இரண்டே இருந்ததால் அவரை அழைத்துப்போக முடியவில்லை. அங்கியோடு போய் நிற்கலாம் என்று நினைத்தேன். அங்கியை மேலும் கீழும் பார்த்தார். ஓரத்தில் தையல் விட்டிருக்கிறது என்றார். பட்டச் சான்றிதழைக் கையில் கொடுத்தேன். முந்தானையில் விரலைத் துடைத்துக்கொண்டு, ஓரத்தைப் பிடித்து வாங்கி, இழுப்பறையிலிருந்து அந்தப் பூதக்கண்ணாடியை எடுத்து என் பெயரை எழுத்தெழுத்தாகப் பார்த்தார். பிறகு, அசலை லேமினேட் செய்துவிடாதே, சில அலுவலகங்களில் ஏற்கமாட்டார்கள், உறையில் போட்டு மேல்தட்டில் வை, கீழ்த்தட்டில் வைக்காதே என்று சொல்லிவிட்டுப் பத்து நகல் எடுத்து அடுக்கினார்.

எவ்வளவு என்று கேட்டேன்.

“ஒரு வெள்ளி இருபது காசு.”

பத்து நகலுக்கு ஒரு வெள்ளிதானே ஆண்ட்டி என்றேன். போன தடவை பாக்கி என்றார்.

இப்படிக்கு,
இருபது காசு பாக்கியைத் தீர்த்துவிட்ட,
கீழ்மாடி மாணவி