உறை பிரிக்கும் முன்பே முடிந்த போட்டி

மதிப்பிற்குரிய ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். விமான நிலைய உடல் சோதனைக் கருவிகள் பற்றிய தங்கள் கட்டுரையில், அமெரிக்க அரசின் ஒப்பந்தத்துக்கு இரு நிறுவனங்கள் மோதியதால் ‘பயணிகளுக்கே ஆதாயம்’ என்று ஒரு வரி வந்திருக்கிறது. அக்கருவிகளைத் தயாரித்த அந்த இரு நிறுவனங்களான ரேபிஸ்கேன், எல்-3 ஆகியவற்றின் கதை தாங்கள் அறியாததன்று. அறிந்திருந்தும் அவ்வரியை எப்படி அச்சேற்றினீர்கள் என்பதுதான் எனக்கு விளங்கவில்லை.

2009 கிறிஸ்துமஸ் நாளில் டெட்ராய்ட் சென்ற விமானத்தில் நடந்த குண்டுவெடிப்பு முயற்சிக்குப் பிறகு, இக்கருவிகள் வேண்டும் என்று ஊடகங்களில் வாதிட்ட அமெரிக்காவின் முன்னாள் உள்நாட்டுப் பாதுகாப்பு அமைச்சர் மைக்கேல் செர்டாஃபின் ஆலோசனை நிறுவனத்துக்கு ரேபிஸ்கேன் வாடிக்கையாளராக இருந்தது. பயணியின் உடலை அப்படியே காட்டாமல் பொதுவான உருவக்கோட்டை மட்டுமே காட்டும் மென்பொருள் கட்டாயம் என்று அமெரிக்க நாடாளுமன்றம் சட்டம் இயற்றியது. எல்-3 அதைச் செய்தது. ரேபிஸ்கேனால் கெடுவுக்குள் முடியாது என்றாகி, 2013-இல் அதன் எக்ஸ்ரே கருவிகள் விமான நிலையங்களிலிருந்து அகற்றப்பட்டன. அதுவரை அவற்றின் முன் கைகளைத் தூக்கி நின்றவர்களுக்குக் கிடைத்த ஆதாயம் எதுவோ!

அரசுக் கொள்முதலுக்கு ஒப்பந்தப்புள்ளி தயாரிப்பதையே தொழிலாகக் கொண்டிருந்த எனக்கு இதில் வியப்பில்லை. பயணப்பெட்டிகளைச் சோதிக்கும் கருவிக்கான ஓர் ஆவணத்தில், நகர்பட்டையின் உயரம் போட்டி நிறுவனமொன்றின் விளக்கக் கையேட்டில் உள்ளபடியே, மில்லிமீட்டர் பிசகாமல் கேட்கப்பட்டிருந்தது. ஏன் என்று எழுதிக் கேட்டோம். ‘ஆவணத்தில் உள்ளபடி’ என்று பதில் வந்தது. ஒப்பந்தப்புள்ளி உறைகளைப் பிரித்த நாளில் எங்களையும் மரியாதையாக அழைத்து அமரவைத்தார்கள். போட்டி நடந்ததற்குச் சாட்சி வேண்டுமல்லவா?

2001 செப்டம்பர் தாக்குதலுக்குப் பின், 2002 டிசம்பர் 31-க்குள் எல்லாப் பயணப்பெட்டிகளையும் வெடிபொருள் சோதனைக்கு உட்படுத்த வேண்டும் என்று அமெரிக்கா சட்டம் இயற்றியபோதும், அதற்கான சான்று பெற்ற கருவிகளைத் தயாரித்தவை இன்விஷன், எல்-3 என இரண்டே நிறுவனங்கள். இன்ன தேதிக்குள் வாங்கியே தீருவேன் என்று ஊரறியச் சொல்லிவிட்டுக் கடைக்குப் போகிறவருக்கு யார் விலையைக் குறைப்பார்கள்? வாங்கிய பிறகோ, உதிரிபாகம், பராமரிப்பு, மென்பொருள் திருத்தம் என ஒவ்வொன்றுக்கும் விற்றவரின் வாசலிலேயே நிற்க வேண்டும். அங்கே இரண்டாவது போட்டியாளர் இல்லை.

கட்டுரையின் அடுத்த பகுதியிலாவது, குறைந்த விலை என்று எழுதும் இடத்தில், அது கருவியின் விலை மட்டுமா, பராமரிப்புச் செலவும் சேர்ந்ததா என்று ஒரு வரி குறிப்பிடுமாறு கேட்டுக்கொள்கிறேன்.

இப்படிக்கு,
தங்கள் நெடுநாள் வாசகன்