காற்றுப் போட்ட அண்ணருக்கு

நத்தார் (கிறிஸ்மஸ்) முடிந்துவிட்டது. இரவல் வாங்கிய கதிரைகளும் பாய்களும் உரிய வீடுகளுக்குப் போய்ச் சேர்ந்துவிட்டன. நன்றி மட்டும் இன்னும் சொல்லி முடியவில்லை. வெள்ளம் எங்கள் கோயிலில் எதை எதைக் கொண்டுபோனது என்று மட்டக்களப்பில் இருக்கிறவர்களுக்குத் தெரியும். அதைத் திரும்ப எழுத எனக்கு மனமில்லை. இந்த வருடமும் பிள்ளைகள் பாடினார்கள், ஆள் இருந்து வாசிக்கப் பாடினார்கள். அதற்காகத்தான் இந்த மடல்.

வெள்ளத்தில் நனைந்த ஓர்கன் இனிச் சரிவராது என்று ஆனதும், போனில் ட்ராக் போட்டுப் பாடலாமே என்று பலர் சொன்னார்கள். நல்ல மனதோடு சொன்னதுதான். ஒரு பின்னேரம் அப்படியும் பாடிப் பார்த்தோம். இரண்டாம் சரணத்தில் சின்னதுகள் மூச்சு வாங்க நின்றார்கள், ட்ராக் நிற்காமல் போய்விட்டது. பிறகு அதைப் பிடிக்க ஓடுவதிலேயே பாட்டு முடிந்தது. ஒரு பிள்ளை அழுதுவிட்டாள்.

அந்த நேரத்தில்தான், பிள்ளையார் கோயில் பஜனையில் ஆர்மோனியம் வாசிக்கும் அண்ணர் வந்தார். நாங்கள் கேட்கவே இல்லை. அந்தக் கோயிலை நிர்வகிக்கும் வண்ணக்கர் ஐயாவிடம் தானே போய்ச் சொல்லி, ஆர்மோனியத்தை உரப்பையால் சுற்றி, சைக்கிள் கரியரில் கட்டி, மழைக்குள் உருட்டிக்கொண்டு வந்திருந்தார். தந்துவிட்டுப் போவார் என்றுதான் நினைத்தோம். அவர் சப்பாணி கட்டி இருந்துவிட்டார்.

"எத்தின கட்டையில பாடுறீங்க மகள்?"

ஓர்கன் வாசிக்கிற பிள்ளை "எஃப் மேஜர், மாமா" என்றாள்.

"அப்ப நாலு கட்டை. சரி."

அதற்குப் பிறகுதான் சிக்கல். ஆர்மோனியத்தில் ஒரு கை துருத்திக்குப் போய்விடும். இவள் இரண்டு கையாலும் வாசித்துப் பழகியவள். இடக்கை விழாவிட்டால் எங்கள் ஆண் குரல்களுக்குப் பிடிமானம் இல்லை. இரண்டு தரம் முயன்றுவிட்டுக் கையை எடுத்துவிட்டாள். அண்ணர் எழும்பி, மறுபக்கம் போய், துருத்தியில் கை வைத்தார். "நீ ரெண்டு கையாலயும் வாசி புள்ள. காத்த நான் பாக்கிறன்."

அந்தப் பாட்டுகளில் ஒன்றையும் அவர் முன்னர் வாசித்தவர் இல்லை. ஆனால் பிள்ளைகளின் தோளைப் பார்த்துக்கொண்டே காற்றுப் போட்டார். அவர்கள் மூச்சு இழுக்கும் இடத்தில் துருத்தி தளரும். தாலாட்டு மாதிரி வருகிற அடியில் காற்று மெல்லிதாகிவிடும். கடைசிச் சரணத்தில் முழுதாக அமுக்குவார். எந்தப் பிள்ளையும் பின்தங்கவில்லை. இத்தனை வருடம் பாடகர் குழாமில் நிற்கிறேன், எங்கள் மூச்சை இவ்வளவு கவனமாக ஒருவர் கேட்டு நான் கண்டதில்லை.

நள்ளிரவுத் திருப்பலிக்கும் வந்தார். விடிந்தால் அவர்கள் கோயிலில் திருவெம்பாவைத் தொடக்கம். நாலு மணிக்கு அதே ஆர்மோனியம் அங்கே வேண்டும். "நேரத்தோட போங்க அண்ணே" என்று கெஞ்சினோம். "பிள்ளையள் பாடி முடியட்டும், மறுகா நித்திரை கொள்ளலாம்" என்றுவிட்டு, கடைசிப் பாட்டு வரை துருத்தியை விடவில்லை.

மற்றவர்களையும் மறக்கவில்லை. கரோலுக்கு வீடு வீடாக எங்களோடு வயலின் வாசித்து நடந்த பறங்கியர் குடும்பத்துத் தாத்தாவும் பேரனும் (முடிகிற நேரம் கப்ரிஞ்ஞா என்கிற அவர்களுடைய ஆட்ட இசையும் வாசித்தார்கள், ஒழுங்கையே ஆடியது), கல்லடியிலிருந்து மிருதங்கத்தோடு வந்த மாணவர்கள், சேறு கழுவிய இளைஞர்கள், காத்தான்குடியிலிருந்து கதிரை அனுப்பிய கடைக்காரர், இஞ்சித் தேத்தண்ணி ஊற்றித் தந்த அக்காமார், எல்லாருக்கும் எங்கள் நன்றி.

காரைதீவில் 1892இல் பிறந்து, புனித மிக்கேல் கல்லூரியில் படித்த விபுலாநந்த அடிகள், வாசிக்க ஆளில்லாமல் மறைந்துபோன யாழை வருடக்கணக்காக ஆராய்ந்து 1947இல் யாழ் நூலைத் தந்தார். பள்ளிக்கூடத்தில் அதைப் பாடமாகப் படித்தபோது எனக்கு ஒன்றும் தோன்றவில்லை. இந்த நத்தாருக்குத்தான், ஒரு வாத்தியம் கை மாறிக் கை மாறி வாசிக்கப்பட்டால்தான் இருக்கும் என்று உறைத்தது. விடுமுறைக்கு எல்லா வீட்டிலும் ஸ்பீக்கர் பாடுகிறது, பாடட்டும். முன்னால் ஒருவர் இருந்து வாசிக்கும்போது, வாசலில் நின்ற ஆண்கள்கூட உள்ளே வந்து பாடினார்கள்.

எங்களுக்கு ஓர்கன் எப்போது கிடைக்குமோ தெரியாது. கிடைத்தாலும் எங்கள் பிள்ளைகள் ஆர்மோனியம் பழகுவார்கள். ஓர்கன் வாசிக்கிறவள் ஏற்கெனவே அண்ணரிடம் தொடங்கிவிட்டாள். எங்களிடம் வரும் வாத்தியத்தை, எந்தக் கோயில் கேட்டாலும், கேட்காவிட்டாலும், கொண்டுபோய்க் கொடுப்போம்.

அண்ணே, திருவாதிரை விடியற்காலை உங்கள் பஜனைக்கு நாங்கள் வருகிறோம். தேத்தண்ணி எங்கள் பொறுப்பு, வண்ணக்கர் ஐயாவிடம் சொல்லியாயிற்று.