இலையில் உட்கார்ந்தவரை எழுப்பாதீர்கள்

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். தங்கள் நாளிதழின் ஞாயிறு இணைப்பில், திரைப்படங்களில் இடம்பெற்ற மறக்க முடியாத சாப்பாட்டுக் காட்சிகளைப் பற்றிய கட்டுரையைப் படித்தேன். எதிர்பார்த்தபடியே ‘மாயா பஜார்’ முதலில் வந்து நின்றது. 1957இல் வெளியான அந்தப் படத்தில், கடோத்கஜனாக வரும் எஸ்.வி. ரங்காராவ் திருச்சி லோகநாதனின் குரலில் ‘கல்யாண சமையல் சாதம்’ பாடியபடி பண்டங்களை உள்ளே தள்ளுவதையும், லட்டுகள் தாமாகவே எழும்பி அவர் வாய்க்குள் போவதையும் ரசிக்காதவர்கள் நம்மிடையே மிகக் குறைவு. மார்க்கஸ் பார்ட்லியின் ஒளிப்பதிவு இன்றைய கணினி வரைகலைக்கும் ஈடுகொடுக்கிறது என்பதை நானும் ஒப்புக்கொள்கிறேன். ஆனால், கட்டுரையாளர் பதார்த்தங்களைப் பட்டியலிடுவதோடு நின்றுவிட்டார். ஒரு சாப்பாட்டுக் காட்சி பல ஆண்டுகள் கழித்தும் மனத்தில் தங்குவதற்குக் காரணம், உட்கார்ந்தவரைச் சாப்பிட்டு முடிக்க இயக்குநர் அனுமதித்ததுதான் என்பது என் துணிபு. அதைச் சற்று விளக்கமாகச் சொல்லவே இக்கடிதத்தை எழுதுகிறேன்.

நம் படங்களில் யாராவது தட்டின் முன் உட்கார்ந்தாலே, ஏதோ விபரீதம் நடக்கப்போகிறது என்று பார்வையாளருக்குத் தெரிந்துவிடுகிறது. முதல் கவளம் வாய்க்குப் போவதற்குள் தொலைபேசி மணி அடிக்கும், அல்லது வாசலில் ஒருவர் மூச்சிரைக்க ஓடிவந்து துக்கச் செய்தி சொல்வார். தந்தைக்கும் மகனுக்கும் பேச்சு முற்றினால், மகன் தட்டிலேயே கையைக் கழுவிவிட்டு எழுந்து போவான். இன்னும் முற்றினால் தட்டு சுவரில் மோதிச் சோறு சிதறும். அத்துடன் காட்சி மாறிவிடும். சிதறிய சோற்றைக் கூட்டி அள்ளியவர் யார், சுவரில் வழிந்த குழம்பைத் துடைத்தவர் யார் என்று கேமரா திரும்பிப் பார்ப்பதே இல்லை. சாப்பிடுகிறவரிடம் கெட்ட சேதி சொல்லாதே, இலையில் உட்கார்ந்தவரை எழுப்பாதே என்று சொல்லிச் சொல்லி வளர்க்கப்பட்ட சமூகம் நாம். அந்த வழக்கத்தை மீறுவதால் கிடைக்கும் அதிர்ச்சிக்காகவே இயக்குநர்கள் இதைக் கையாளத் தொடங்கியிருக்க வேண்டும். இத்தனை படங்களுக்குப் பிறகு அதில் அதிர்ச்சி ஏதும் மிச்சமில்லை, சோறு வீணானதுதான் மிச்சம்.

இதற்கு நேர்மாறாக, 1948இல் இத்தாலிய இயக்குநர் விட்டோரியோ டி சிகா எடுத்த ‘பைசைக்கிள் தீவ்ஸ்’ படத்தின் உணவகக் காட்சியை நினைத்துப் பார்க்கலாம். வேலைக்கு ஆதாரமான சைக்கிளைத் திருட்டில் பறிகொடுத்துவிட்டு, ரோம் நகரத் தெருக்களில் சிறுவன் புரூனோவோடு அலையும் தந்தை, ஆத்திரத்தில் மகனை அறைந்துவிடுகிறார். பிறகு மனம் கேளாமல், கையிலிருக்கும் பணத்தைப் பார்த்துக்கொண்டு, அவனை ஓர் உணவகத்துக்கு அழைத்துச் செல்கிறார். கதையின் அவசரத்தை எண்ணிப் பார்த்தால், அந்த இடத்தில் சாப்பாட்டுக்கு நேரமே கிடையாது. ஆயினும் டி சிகா அவர்களை நிதானமாக உட்கார வைக்கிறார். கத்தியும் முள்கரண்டியும் புரூனோவின் கைக்கு அடங்குவதில்லை. பாலாடைக்கட்டி வைத்துப் பொரித்த ரொட்டியை அவன் கையாலேயே எடுத்துக் கடிக்க, பாலாடைக்கட்டி நூலாக நீள்கிறது. பக்கத்து மேசையில் வசதியான குடும்பத்துப் பையன் ஒருவன் இவனைத் திரும்பிப் பார்க்கிறான். இவனும் அவனைத் திரும்பித் திரும்பிப் பார்த்தபடியே மெல்லுகிறான். அவர்களைப் போலச் சாப்பிட மாதம் பத்து லட்சமாவது சம்பாதிக்க வேண்டும் என்று சொல்லும் தந்தை, பென்சிலை மகனிடம் கொடுத்து, சைக்கிள் இருந்திருந்தால் தனக்குக் கிடைத்திருக்கக்கூடிய சம்பளத்தைக் கணக்குப் போடச் சொல்கிறார். இரண்டு மேசைகளுக்கும் இடையில் இருந்த தூரத்தை எந்த வசனமும் இவ்வளவு துல்லியமாக அளந்திருக்க முடியாது. இத்தனைக்கும் அங்கே யாரும் கத்தவில்லை, தட்டும் உடையவில்லை.

இந்த இத்தாலியச் சிறுவனுக்குச் சென்னையில் இரண்டு தம்பிகள் இருக்கிறார்கள். மணிகண்டன் இயக்கி 2015இல் திரைக்கு வந்த ‘காக்கா முட்டை’யின் சிறுவர்களைத்தான் சொல்கிறேன். மரத்தில் ஏறிக் காக்கை முட்டையை எடுத்துப் பச்சையாகக் குடித்துத் திரிந்த அவர்களின் மரம் வெட்டப்பட்டு, அந்த இடத்தில் பீட்சா கடை எழும்புகிறது. நியாயவிலைக் கடையில் அரிசி இல்லை, ஆனால் வீட்டுக்கு இலவசத் தொலைக்காட்சிப் பெட்டி வந்துவிடுகிறது. அதில் பீட்சா விளம்பரமும் வருகிறது. பிள்ளைகளின் ஏக்கத்தைக் கண்டு, விளம்பரத் தாளில் உள்ள படத்தைப் பார்த்துப் பார்த்து ஆயா தோசைக்கல்லில் ஒரு பீட்சா சுட்டுத் தருகிறார்; அது அவர்களுக்குப் பிடிப்பதில்லை. பின்னர் கடைக்காரரிடம் அடி வாங்கி, அது ஊர் முழுக்கச் செய்தியாகி, கடைசியில் ராஜ மரியாதையோடு அதே கடையில் உட்கார வைக்கப்படுகிறார்கள். படம் முழுவதும் துரத்திய பண்டம் வாய்க்குள் போகிறது. இருவரும் மெல்லுகிறார்கள், ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்துக்கொள்கிறார்கள், இதைவிட ஆயா சுட்ட தோசையே நன்றாக இருந்தது என்று முடிவுக்கு வருகிறார்கள். ஆயா அப்போது உயிரோடு இல்லை. முதல் கடியோடு காட்சியை வெட்டி வெற்றி இசையை ஒலிக்கவிட்டிருந்தால், அது இன்னொரு பீட்சா விளம்பரமாகத்தான் முடிந்திருக்கும். மென்று முடிக்கும்வரை மணிகண்டன் பொறுத்திருந்தார்.

பசியைக் காட்டுவதற்கும் இதே பொறுமை வேண்டும். 1925இல் வெளிவந்த ‘தி கோல்ட் ரஷ்’ஷில் பனிக்காட்டில் சிக்கிய சாப்ளின், வேகவைத்த பூட்ஸைத் தட்டில் வைத்து, அதன் ஆணிகளை எலும்பு உறிஞ்சுவதுபோல் உறிஞ்சி, நாடாவை முள்கரண்டியில் சுற்றி, விருந்துக்குரிய மரியாதையோடு உண்கிறார். (அந்தப் பூட்ஸ் அதிமதுர மிட்டாயால் செய்யப்பட்டது.) கே. பாலசந்தரின் ‘வறுமையின் நிறம் சிவப்பு’ படத்தில் டெல்லியில் வேலையின்றித் தவிக்கும் இளைஞர்கள், தங்கள் பட்டினி வெளியே தெரியாமலிருக்க, வெறும் தட்டின் முன் விருந்து உண்பதுபோல் நடிப்பார்கள். இல்லாத சோற்றுக்கும் அங்கே உரிய நேரம் கொடுக்கப்பட்டது. நகைச்சுவைக்கும் இது பொருந்தும். ‘வெண்ணிலா கபடிக் குழு’வின் பரோட்டாப் போட்டியில், கணக்கில் தகராறு வந்ததும் கோடுகளை எல்லாம் அழித்துவிட்டு முதலிலிருந்து சாப்பிடத் தயாராகும் சூரியை மக்கள் ‘பரோட்டா சூரி’ என்றே அழைக்கத் தொடங்கியதை நாம் அறிவோம்.

சாப்பாடு முடிந்த பிறகும் அந்த இடத்தை விட்டு நகராத படம் ஒன்றையும் குறிப்பிட வேண்டும். ஜியோ பேபி இயக்கி 2021இல் வெளியான மலையாளப் படம் ‘தி கிரேட் இந்தியன் கிச்சன்’ அது. ஆண்கள் முதலில் உண்டு எழுந்த பின், மென்று துப்பிய சக்கைகள் கிடக்கும் அதே மேசையில் பெண்கள் உட்கார்ந்து சாப்பிட வேண்டியிருக்கிறது. வீட்டில் இப்படிச் சாப்பிடும் கணவன் உணவகத்தில் எச்சிலை ஒழுங்காக ஒதுக்கி வைப்பதை மனைவி சிரித்துக்கொண்டே சுட்டிக்காட்டியதும், அவன் முகம் மாறிவிடுகிறது. நம் படங்கள் தட்டை எறிந்துவிட்டு அடுத்த காட்சிக்குப் போய்விடும் அதே இடத்திலிருந்துதான் இந்தப் படம் தன் கதையைத் தொடங்குகிறது. 2023இல் தமிழிலும் இது மறுஆக்கமாக வந்தது.

சாப்பாட்டுக் காட்சியைப் படமாக்குவது எளிதன்று என்பதையும் நான் மறுக்கவில்லை. ஒரே காட்சியைப் பல கோணங்களில் திரும்பத் திரும்ப எடுக்கும்போது, முந்தைய ஷாட்டில் இலையில் எவ்வளவு சோறு இருந்தது, அப்பளம் எந்தப் பக்கம் உடைந்திருந்தது, குழம்பு எங்கே ஓடியிருந்தது என்பதையெல்லாம் உதவி இயக்குநர் குறித்துவைக்க வேண்டும். நடிகர் அதே கவளத்தை அதே ருசியோடு மறுபடியும் விழுங்க வேண்டும், அதுவும் ஆறிப்போன சோற்றை. இந்தத் தொல்லைக்கு அஞ்சித்தான் பலர் பிசைந்துகொண்டே பேச வைத்து, ஒரு வாய்கூட உண்ண வைக்காமல் எழுப்பிவிடுகிறார்கள் போலும்.

ஆகவே தங்களுக்கு ஒரு வேண்டுகோள். அடுத்த முறை இப்பொருளில் கட்டுரை வெளியிடும்போது, படப்பிடிப்புத் தளத்தில் இலை போடுகிறவர்கள், பதார்த்தங்களைச் சமைத்து அடுக்குகிற கலைத்துறைத் தொழிலாளர்கள், அப்பளத்தின் உடைவைக் குறித்துவைக்கிற உதவி இயக்குநர்கள் ஆகியோரிடமும் பேசி, அவர்களின் அனுபவங்களை வெளியிட வேண்டும். திரை விமர்சனம் எழுதுவோர், ஒரு படத்தில் எத்தனை பேர் சாப்பிட உட்கார்ந்தார்கள், அவர்களில் எத்தனை பேர் கை கழுவும்வரை சாப்பிட்டார்கள் என்பதையும் ஒரு வரியில் குறிப்பிட்டால் நல்லது.

இப்படிக்கு,
வாசகர் ஒருவர்,
கும்பகோணம்.